இல்லைங்க என்று சொல்லப் பழகிய மூன்று வாரம்

என் அம்மாவுக்கு "இல்லை" என்று சொல்லத் தெரியாது என்பது எனக்கு இருபத்து மூன்று வயதில்தான் உறைத்தது. வீட்டுக்குள் நன்றாகவே சொல்வாள். சீனி இல்லை, விறகு இல்லை, உனக்குப் புத்தி இல்லை என்று நாள் முழுக்க அதே பாட்டுதான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு முன்னால்தான் அந்தச் சொல் அவளுக்கு வராது. தோட்டத்துத் தொரை, ஆபீஸ் கிளாக்கர், மருந்து கொடுக்கும் ஐயா, யாராக இருந்தாலும் கேள்வி முடிவதற்குள் "ஆமாங்க" வந்துவிடும்.

அம்மாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. தலவாக்கலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருமே அப்படித்தான். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் தொரை எதைக் கேட்டாலும் அத்தனை தொண்டையும் ஒரே குரலில் "ஆமாங்க தொரை" என்னும். என்ன கேட்டார் என்பது அப்புறம்தான். ஒருமுறை தொரை அம்மாவின் கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, கீழே கொட்டிக் கிடந்த முற்றிய இலைகளைக் காட்டி, "இதுவும் நீ பறித்ததுதானே?" என்று கேட்டார். பறித்தது அடுத்த நிரையில் நின்றவள். அம்மா ஆமாங்க என்றாள். அன்றைக்கு அரை நாளோடு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவள், "கேட்டாரு, சொன்னேன்" என்று அடுப்பை மூட்டப் போய்விட்டாள்.

என் பிறப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஐப்பசி மழையில் பிறந்தவள். பதிவு செய்யப் போன இடத்தில் எழுதியவர் தலையை நிமிர்த்தாமலே, "ஆடி மாசம்தானே?" என்று கேட்டிருக்கிறார். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். காகிதத்தின்படி நான் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்குச் சிரிப்பு நின்றுபோனது, முசிறிப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தபோது. அங்கே அம்மாவின் ஒரே தங்கை இருந்தாள், என் சின்னம்மா. பெற்றவள் போய்ச் சேர்ந்த பிறகு அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அம்மாதான். கலியாணமாகிப் புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கடிதத்தை எழுதியவன் அவள் மகன். தன் அம்மா எழுந்து நடமாடி மாதக்கணக்காகிறது, டாக்டர் கையை விரித்துவிட்டார், பெரியம்மாவை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தான். நான் படித்து முடித்ததும் அம்மா, "எப்பப் போறோம்?" என்று கேட்டாள்.

முன்பென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலேறினால் போதும். நாடு சுதந்திரம் அடைந்து சட்டங்கள் வந்த பிறகு அப்படியில்லை. இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று எங்களைச் சொல்லிவிட்டார்கள். அந்த நாட்டுப் பிரஜையும் நாங்கள் இல்லை. பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனு எந்த அலமாரியில் தூங்கியதோ தெரியாது. போனால் திரும்பி வர இங்கே ஓர் அனுமதி வேண்டும், அங்கே போய் இறங்க ஒரு விசா வேண்டும். இவர்கள் திரும்பி வந்துவிடுவார்களோ என்று இங்குள்ள ஆபீசுக்குக் கவலை. திரும்பிப் போகாமல் இருந்துவிடுவார்களோ என்று அங்குள்ள ஆபீசுக்குக் கவலை. நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அம்மாவுக்குக் கோபமெல்லாம் வரவில்லை. அவளுக்குத் தங்கையைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு என் அண்ணனும் அண்ணியும் இருக்கிற, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான இந்த லயத்துக்குத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா தனியாகப் போக முடியாது. அண்ணனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் லீவு கிடைக்காது. அட்டனில் படித்துவிட்டுத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த நான்தான் துணை என்று முடிவாயிற்று. திரும்பி வரும் அனுமதி கைக்கு வரவே நாலு மாதம் ஆகிவிட்டது. சின்னம்மா பிடிவாதக்காரி, அதுவரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு கண்டியில் இருந்த இந்திய விசா ஆபீசிலிருந்து தபால் வந்தது. மூன்று வாரம் கழித்து இருவரும் நேர்முகத்துக்கு வர வேண்டும்.

தலவாக்கலைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் சரக்கெடுக்க அடிக்கடி மதுரைக்குப் போய் வருகிறவர். எங்கள் வீட்டுக் கலியாணத் துணியெல்லாம் அவர் கடையில் எடுத்ததுதான். அம்மாவையும் அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் எங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தார்.

"அவங்களுக்குத் தெரியவேண்டியது ஒன்னே ஒன்னுதான் டீச்சர். போற ஆளு திரும்பிப் போயிருமா, போகாதா? அதத்தான் நாலு விதமா கேப்பாங்க. அங்க காணி இருக்கா, வீடு இருக்கா, அங்கயே இருந்துருவீங்களா. எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்லணும். ஒன்னுக்கு ஆமான்னு வாய் தவறிச்சோ, அம்புட்டுத்தான்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "வெளங்குச்சா அக்கா?"

"ஆமாங்க மொதலாளி."

"அங்க ஒங்களுக்குக் காணி இருக்கா?"

"ஆமாங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கடையின் கூரையைப் பார்த்தேன்.

அட்டனுக்குப் போய்ப் படம் பிடித்த கதையும் அதே லட்சணம்தான். படம் பிடிப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு "ரெடியா?" என்றார். விசாப் படிவத்தில் ஒட்டிய அந்தப் படத்தில் அம்மாவின் வாய் பாதி திறந்திருக்கிறது. அவள் ஆமாங்க சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது எங்கள் வீட்டாருக்கு மட்டும் தெரியும்.

அன்று மாலையே பாடத்தைத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி வந்து வீட்டு நடுவில் போட்டேன். அண்ணனின் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்தேன். அம்மாவும் அண்ணியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் குரலை மாற்றி, "ஏய், இங்கே வா" என்றேன். அம்மாவின் சிரிப்பு பட்டென்று நின்றுவிட்டது. எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றாள். என் அம்மா, என் முன்னால். எனக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"இந்தியாவில் காணி இருக்கா?"

"ஆமாங்க."

"அம்மா!"

"வாயில அதுதான் வருது, நான் என்ன செய்ய?"

ஐந்து நாள் இதே கூத்து. ஆறாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு வார்த்த, அத ஒழுங்கா சொல்லத் தெரியல. சின்னம்மா அங்க சாகக் கெடக்கிறாங்க, நீ இங்க ஆமாங்க ஆமாங்கன்னு கெட" என்று கத்திவிட்டேன். அம்மா அடுப்படிக்குப் போய் ரொட்டிக்கு மாப் பிசைய உட்கார்ந்தாள். பிசைந்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள். "ஒக்காந்திருக்கவங்கள மறுத்துப் பேசப்போனா தொண்டைய அடைக்குது புள்ள. நீ படிச்சவ. ஒனக்கு அது தெரியாது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. வழி சொன்னவள் அண்ணி. "அத்த அடுப்படியில நிக்கும்போது ஆயிரம் இல்ல சொல்லுவாங்களே. அங்க வச்சுக் கேளுங்களேன்" என்றாள். சட்டியில் ஏதோ கிளறிக்கொண்டிருந்த அம்மாவின் முதுகைப் பார்த்து, "அங்க காணி இருக்கா?" என்று கேட்டேன். "இல்ல" என்றாள் சட்டியிடம். "வீடு?" "இல்ல." "அங்கயே இருந்துருவியா?" "இருந்துட்டா இங்க யாரு ஒங்களுக்கு ஆக்கிப் போடுறது? இல்ல."

அதிலிருந்து பிடித்துக்கொண்டோம். முதல் சில நாள் முதுகைக் காட்டிக்கொண்டே பதில் சொன்னாள். அப்புறம் பக்கவாட்டில் திரும்பி நின்றாள், கையில் அகப்பை இருக்க வேண்டும். அப்புறம் அகப்பை இல்லாமல். கடைசி வாரத்தில் நாற்காலிக்கு நேர் எதிரே நின்று, கோட்டுப் போட்ட என்னைப் பார்த்து, "இல்லைங்க" என்றாள். அண்ணன் கை தட்டினான். அம்மா தான் சொன்னதைத் தானே நம்பாதவளாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மலையில் கொழுந்து பறிக்கும்போதும் "இல்லைங்க, இல்லைங்க" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பதாகப் பக்கத்து நிரைப் பெண்கள் என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த நாள் வந்தது. முதல் ரயிலைப் பிடித்து, பேராதனையில் மாறி, கண்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆபீசில் நீளப் பெஞ்சில் எங்களைப் போல இருபது முப்பது பேர் மடியில் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

எங்களைக் கூப்பிட்டார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் நரைத்த தலையோடு, நெற்றியில் சந்தனக் கீற்றோடு ஓர் அதிகாரி இருந்தார். தொரையின் சாயல் துளியும் இல்லை. "வாங்கம்மா, உட்காருங்க" என்றார். இதை நாங்கள் பழகவில்லை. எங்கள் பாடத்தில் ஒரு நாற்காலிதான், அதில் நான்தான். அம்மா உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மட்டும் உட்கார்ந்தேன்.

அவர் அம்மாவிடம்தான் முதலில் கேட்டார். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை நாள், இங்கே யார் யார் இருக்கிறார்கள். அம்மா சொன்னாள். அங்கே காணி நிலம் உண்டா? "இல்லைங்க." சொந்த வீடு? "இல்லைங்க." அங்கேயே தங்கிவிடும் எண்ணம் இருக்கிறதா? "இல்லைங்க." குரல் கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. மூன்று வார உழைப்பு அங்கே நின்று பேசியது. என் மனதுக்குள் அப்போதே விசா குத்தியாகிவிட்டது, ரயிலேறியாகிவிட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். என் பரீட்சைச் சான்றிதழை எடுத்துப் பார்த்து, "டீச்சரா?" என்றார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, இரண்டு கையையும் பின்னந்தலையில் கோத்துக்கொண்டார். எங்கள் தொரை ஆபீஸ் வராந்தாவில் உட்காருவது அப்படித்தான். "எங்க பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் ஆள் இல்லாமல் கஷ்டப்படுகிறார்கள். ஒரு வேலை கிடைத்தால் நீ அங்கேயே இருந்துவிடுவாய், இல்லையா?"

"ஆமாங்க சேர்" என்றேன்.

நானேதான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் என் வாய் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்து நாற்காலியில் கோட்டுப் போட்டு உட்கார்ந்து அம்மாவை அதட்டியவள், படித்தவள், சொன்னேன். அவர் கையை இறக்கினார். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். நான் மாற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. தொண்டையை அடைக்கும் என்று அம்மா சொன்னாளே, அது என்னவென்று அப்போது தெரிந்தது.

"இல்லைங்க" என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்தார். "உங்க பொண்ணுதானேம்மா ஆமான்னு சொன்னாள்?"

"சொன்னாதாங்க. நாங்க அப்படித்தாங்க. பெரியவங்க எதக் கேட்டாலும் ஆமாங்கன்னுதான் எங்களுக்கு வரும். குழியில குதிக்கிறியான்னு கேட்டாலும் ஆமாங்கன்னு சொல்லிட்டு, அப்பறந்தான் குழியப் பாப்போம். அது பதில் இல்லைங்க. கும்புடு போடுற மாதிரி."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தார். "அப்படியென்றால் நீங்கள் முதலில் இல்லை இல்லை என்று சொன்னதை மட்டும் நான் எப்படி நம்புவது?"

"அத நம்ப வேணாங்க" என்றாள் அம்மா. "அது இவ மூணு வாரமா சொல்லிக்குடுத்தது. இப்ப சொன்னேனே, அது யாரும் சொல்லிக்குடுக்காதது. இவ அங்க இருக்க மாட்டா. இவ பள்ளிக்கூடத்துல அறுபது புள்ளைங்க இருக்கு, அதுகள விட்டுட்டு இருக்க மாட்டா. நானும் இருக்க மாட்டேன். எந்தங்கச்சியப் பாக்கணும் சாமி. பாத்துட்டு வந்துருவோம்."

அவர் குனிந்து ஏதோ எழுதினார். பிறகு, "உட்காருங்கம்மா, இன்னும் இரண்டு கையெழுத்து இருக்கிறது" என்றார். அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள். கையெழுத்துப் போடத் தெரியாததால் பெருவிரலில் மை தடவினார்கள். விசா ஒரு மாதத்துக்கு.

ரயில் புறப்படும்வரை நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வடை வாங்கி ஒன்றை என் கையில் திணித்தாள். "விடு புள்ள" என்றாள். "நீயும் லயத்துல பொறந்தவதானே." எனக்கு அழுகை வந்துவிட்டது. வடையைக் கடித்துக்கொண்டே அழுதேன்.

முசிறிக்குப் போய்ச் சேர்ந்தபோது சின்னம்மா எங்களுக்காகக் காத்திருந்தாள். கட்டிலோடு கட்டிலாக இருந்தாள், கண் மட்டும்தான் பழைய கண். அம்மா அன்றிலிருந்து அந்தக் கட்டிலை விட்டு அகலவில்லை. காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள், கஞ்சியைக் கரைத்து ஊட்டுவாள், பதினோரு வருஷத்துத் தோட்டத்துக் கதையை ஒன்றுவிடாமல் சொல்வாள். நான் பிறந்த மாதம் மாறிப்போன கதையைச் சொன்னபோது சின்னம்மா சிரித்ததை நான் பார்த்தேன். நாட்கள் ஓடின. நான் மட்டும் காகிதத்தில் இருந்த தேதியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

புறப்பட ஆறு நாள் இருந்தபோது ஒரு மத்தியானம், சின்னம்மா அம்மாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அக்கா, இங்கயே இருந்துரேன். என்னைய விட்டுட்டுப் போயிராத. இருந்துருவீல்ல?"

நான் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. கண்டியில் கேட்ட அதே கேள்வி. இந்த முறை கேட்டவள் நாற்காலியில் இல்லை, எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாமல் படுத்துக் கிடந்தாள். அம்மா அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"ஆமா தங்கச்சி" என்றாள். "இருந்துர்றேன்."

ஆறாம் நாள் விடியற்காலையில், சின்னம்மா அசந்து தூங்கும்போது நாங்கள் கிளம்பினோம். கட்டிலில் இருந்து பார்த்தால் தெரிகிற கொடியில் அம்மா தன் பச்சைச் சேலையை நனைத்துக் காயப்போட்டிருந்தாள். அதை எடுக்காமலே வந்துவிட்டாள். எடுக்கவா என்று நான் கேட்கவில்லை.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறிய பிறகுதான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது. "சின்னம்மாகிட்ட ஏம்மா அப்படிச் சொன்ன? இல்லைன்னு சொல்லத்தானே அம்புட்டுப் பாடுபட்டோம்?"

"அது ஆபீசுக்குப் படிச்சது" என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற யாருகிட்டச் சொன்ன ஆமாவும் சும்மா சொன்னதுதான் புள்ள. அவகிட்டச் சொன்னது நெசமாவே வந்துச்சு. அங்கயே இருந்துறணும்னு இருந்துச்சு."

தலைமன்னாரில் இறங்கி வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிங்களம் கலந்த தமிழில், "திரும்பி வந்தாச்சா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லத் தாமதித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் தலையைத் தூக்கினார். நான் அம்மாவின் முழங்கையைத் தொட்டேன்.

"ஆமாங்க" என்றாள்.